லொத்ஃபி சாதே

லொத்ஃபி சாதே (4 பெப்ரவரி 1921 – 6 செப்டம்பர் 2017) அசர்பைஜானில் பிறந்த கணிதவியலாளரும் மின்பொறியாளரும் கணினி அறிவியலாளரும் ஆவார். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய இவர், "ஃபசி கணம்" எனப்படும் மங்கலான எல்லையுடைய கணங்களின் கோட்பாட்டையும் அதிலிருந்து வளர்ந்த ஃபசி தருக்கத்தையும் உருவாக்கியவர்.

இளமையும் கல்வியும்

சாதே அன்றைய சோவியத் அசர்பைஜானின் தலைநகரான பாகுவில் பிறந்தார். தந்தை ஈரானின் அர்தபீல் நகரைச் சேர்ந்த அசர்பைஜானியர், செய்தியாளர். தாய் ஒதேசாவைச் சேர்ந்த யூதர், குழந்தை மருத்துவர். 1931இல் குடும்பம் தெகுரானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு அல்போர்சு கல்லூரியில் படித்த சாதே, 1942இல் தெகுரான் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். 1944இல் அமெரிக்கா சென்று, 1946இல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் பட்டமும் 1949இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

பணி

கொலம்பியாவில் ஆசிரியராக இருந்தபோது, தம் ஆய்வு வழிகாட்டியான ஜான் ரகசினியுடன் இணைந்து 1952இல் இவர் வெளியிட்ட கட்டுரை, இசட் உருமாற்ற முறையை நிலைபெறச் செய்தது. எண்முறைக் குறிகைகளை ஆராய இம்முறை இன்றும் பயன்படுகிறது. 1959இல் பெர்க்லிக்கு மாறினார். 1963இல் சார்லசு தெசோயருடன் சேர்ந்து நேரியல் அமைப்புக் கோட்பாடு பற்றிய நூலை எழுதினார். அதே ஆண்டில் மின்பொறியியல் துறைத் தலைவரானார். இவரது தலைமைக் காலத்தில் கணினி அறிவியலும் அத்துறையின் பெயரில் சேர்ந்தது.

ஃபசி கணக் கோட்பாடு

வழக்கமான கணக் கோட்பாட்டில் ஒரு பொருள் ஒரு கணத்தில் இருக்கும், அல்லது இராது, நடுநிலை கிடையாது. "உயரமானவர்கள்" என்ற கணத்துக்கு 180 சென்டிமீட்டரை எல்லையாக வைத்தால், 179 சென்டிமீட்டர் உள்ளவர் வெளியே நிற்க வேண்டும். மக்கள் பேச்சில் அப்படி ஒரு கோடு இல்லை. 1965இல் வெளியிட்ட கட்டுரையில் சாதே, ஒவ்வொரு பொருளுக்கும் 0 முதல் 1 வரையிலான உறுப்பு மதிப்பு ஒன்றைக் கொடுக்கலாம் என்றார். 179 சென்டிமீட்டர் உள்ளவருக்கு 0.8 என்றும் 170 உள்ளவருக்கு 0.4 என்றும் மதிப்பிடலாம்.

இது நிகழ்தகவு அன்று. ஒருவரின் உயரம் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. "உயரம்" என்ற சொல்லின் எல்லைதான் மங்கலாக இருக்கிறது.

எதிர்ப்பும் ஏற்பும்

துல்லியத்தையே அளவுகோலாகக் கொண்ட அறிஞர்கள் பலர் இக்கருத்தை ஏற்கவில்லை. கால்மன் வடிகட்டியை உருவாக்கிய ருடால்ஃப் கால்மன் 1972இல் இதனைக் கடுமையாக விமர்சித்தார். பெர்க்லியிலேயே பணியாற்றிய வில்லியம் ககானும் எதிர்ப்பாளர்களுள் ஒருவர். சாதே பின்வாங்கவில்லை. "வெப்பம் மிகுந்தால் எரிபொருளைக் குறை" போன்ற சொல்வழி விதிகளைக் கணினிக்குக் கற்பிக்கும் முறையை 1973இல் விளக்கினார்.

இலண்டனில் இப்ராகிம் மம்தானி இம்முறையால் சிறிய நீராவி இயந்திரம் ஒன்றைக் கட்டுப்படுத்திக் காட்டினார். 1987இல் திறக்கப்பட்ட சப்பானின் செண்டாய் சுரங்கத் தொடர்வண்டி, குலுங்காமல் புறப்படவும் நிற்கவும் ஃபசி கட்டுப்பாட்டைப் பயன்படுத்தியது. தொடர்ந்து சலவை இயந்திரம், நிழற்படக் கருவி போன்ற வீட்டுப் பொருள்களிலும் இது இடம்பெற்றது. அமெரிக்காவில் ஐயத்துடன் பார்க்கப்பட்ட கோட்பாடு, சப்பானியத் தொழிற்சாலைகளில் தன் பயனை மெய்ப்பித்தது.

விருதுகளும் மறைவும்

1989இல் ஹோண்டா பரிசு, 1995இல் ஐஇஇஇ மதிப்புறு பதக்கம், 2009இல் பெஞ்சமின் பிராங்கிளின் பதக்கம் ஆகியவற்றைப் பெற்றார். 2017இல் பெர்க்லியில் தம் 96ஆம் வயதில் காலமானார். பத்து வயதில் பிரிந்த பாகு நகரிலேயே, நாட்டின் சிறப்புக்குரியோர் துயிலும் கல்லறையில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.