கடலுக்கடியில் ஒரு கயிறு இழுக்கும் போட்டி!

2023 பிப்ரவரி. மாட்சு தீவுகளில் தங்கும் விடுதி நடத்துபவர்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது. ‘ரூம் இருக்கா?’ என்று சுற்றுலாப் பயணி அனுப்பும் மெசேஜ் வந்து சேரவே பல நிமிடங்கள் ஆனது. பதில் போய்ச் சேர இன்னும் பல நிமிடங்கள். அதற்குள் அவர் வேறு ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தாலும் ஆச்சர்யமில்லை. வீடியோ பார்ப்பதையெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான்.

மாட்சு, தைவான் அரசின் கையில் இருக்கும் குட்டித் தீவுக்கூட்டம். ஆனால் தைவானிலிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி, சீனக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் எதிர்க்கரை கண்ணுக்கே தெரியும். தைவானோடு அதை அப்போது இணைத்தவை இரண்டு கடலடி கேபிள்கள். பிப்ரவரி 2-ம் தேதி சீன மீன்பிடிக் கப்பல் ஒன்று போன வழியில் முதல் கேபிள் அறுந்தது. ஆறே நாளில், சீன சரக்குக் கப்பல் ஒன்று போன வழியில் அடுத்ததும் போனது. சுமார் 14,000 பேர், மலையுச்சி டவரிலிருந்து மைக்ரோவேவில் கசிந்து வந்த கொஞ்சூண்டு இணையத்தை வைத்துக்கொண்டு 50 நாள் ஓட்டினார்கள். பழுதுபார்க்கும் கப்பல் வந்து வேலையை முடித்தபோது மார்ச் 31 ஆகிவிட்டது.

வேண்டுமென்றே அறுத்தார்களா? அதற்கு ஆதாரம் இல்லை என்று தைவான் அதிகாரிகளே சொன்னார்கள். முடிச்சு இங்கேதான் இருக்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 முறை கடலடி கேபிள்கள் பழுதாகின்றன. பெரும்பாலும் மீன்பிடி வலை, இல்லையென்றால் இழுபடும் நங்கூரம். வழக்கமாக நடக்கும் விபத்துகளுக்கு நடுவே ஒரு சதியை ஒளித்து வைப்பது எவ்வளவு சுலபம்!

தோட்டத்துக் குழாய் தடிமன்தான்!

இணையம் என்றதும் பலர் வானத்தைப் பார்க்கிறார்கள். உண்மையில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவலில் 95 சதவிகிதத்துக்கும் மேல் கடலுக்கடியில்தான் ஓடுகிறது. ஆழ்கடலில் இந்தக் கேபிள், செடிக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவுதான் தடிமன். உள்ளே முடி போன்ற கண்ணாடி இழைகள்; அவற்றில் வெளிச்சம் வெட்டி வெட்டி ஓடும். வங்கிப் பணப் பரிமாற்றம், ராணுவத் தகவல், துபாயில் இருக்கும் மகனின் வீடியோ கால், எல்லாம் இதற்குள்தான்.

ஆகவே, யார் அறுக்கிறார்கள் என்பதைப் போலவே யார் போடுகிறார்கள் என்பதும் வல்லரசுகளுக்குப் பெரிய விஷயம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஹாங்காங்குக்கு சுமார் 13,000 கி.மீ. கேபிள் போட கூகுளும் ஃபேஸ்புக்கும் கைகோத்தன. கேபிளையும் போட்டாயிற்று. ஆனால், ‘ஹாங்காங்கில் இறங்கினால் நம் தகவல் சீனாவின் கைக்குப் போகும்’ என்று 2020-ல் அமெரிக்க அரசுத் துறைகள் முட்டுக்கட்டை போட்டன. கடைசியில் தைவானையும் பிலிப்பைன்ஸையும் இணைக்கும் பகுதிக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது.

அடுத்த கதைக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை போகும் ‘சீ-மீ-வீ 6’ கேபிளைப் போடும் ஒப்பந்தம், சீனாவின் ஹெச்.எம்.என். டெக் நிறுவனத்துக்குக் கிடைக்க இருந்தது. விலையும் அவர்களுடையதுதான் குறைவு. அமெரிக்கத் தூதர்கள் பல நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களிடம், ‘அந்த நிறுவனத்தின்மீது தடை வரலாம், யோசித்துக்கொள்ளுங்கள்’ என்று பேசியதை ராய்ட்டர்ஸ் 2023-ல் வெளிக்கொண்டு வந்தது. முடிவில் ஒப்பந்தம் அமெரிக்காவின் சப்காம் கைக்குப் போனது. திட்டத்திலிருந்து இரண்டு பெரிய சீன நிறுவனங்கள் விலகின. பங்குதாரர்களில் ஒன்றான ஏர்டெல், 2024 டிசம்பர் இறுதியில் அந்தக் கேபிளைச் சென்னைக் கரையில் ஏற்றியது. கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டவர்களுக்கு, பின்னால் நடந்த இந்த இழுபறி தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எம்டன் செய்த வேலை

கேபிளை அறுப்பது புது உத்தியும் இல்லை. 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கிய சில மணி நேரத்திலேயே ஜெர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளை பிரிட்டன் துண்டித்தது. ஜெர்மனி மற்றவர்களின் கம்பியில் செய்தி அனுப்ப வேண்டிவந்தது. அதை பிரிட்டன் ஒட்டுக்கேட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மன் கப்பல் எம்டன், நம் ஊரில் ‘அவன் பெரிய எம்டன்’ என்று பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. அந்த எம்டனின் கடைசி வேலை என்ன தெரியுமா? நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆட்களை இறக்கி, தந்தி நிலையத்தை உடைத்து, ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கேபிளை அறுத்ததுதான். ஆனால், அதற்கு முன்பே நிலைய ஊழியர்கள் ‘விநோதக் கப்பல் வருகிறது’ என்று செய்தி தட்டிவிட்டார்கள். ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனை நொறுக்கியது.

அன்று கொடி கட்டிய போர்க்கப்பல் அறுத்தது. இன்று மாட்டுவது, வேறு ஏதோ நாட்டுக் கொடியோடு சுற்றும் பழைய சரக்குக் கப்பல். 2025 பிப்ரவரியில் தைவானுக்கும் பெங்கு தீவுகளுக்கும் இடையிலான கேபிள் சேதமானபோது, பிடிபட்ட கப்பலில் பறந்தது ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுக் கொடி. உள்ளே இருந்த எட்டுப் பேரும் சீனர்கள். ‘வேண்டுமென்று செய்யவில்லை’ என்றார் கேப்டன். தைவான் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த ஜூனில் மூன்று ஆண்டு சிறை என்று தீர்ப்பளித்தது. அவரை யாராவது ஏவினார்களா என்பது மட்டும் வெளிவரவில்லை.

மாட்சுவுக்கு வருவோம். 2025 ஜனவரியில் இரண்டு கேபிள்களும் மறுபடி செயலிழந்தன. இந்த முறை எந்தக் கப்பல்மீதும் பழி இல்லை. பழைய கேபிள், இயல்பான தேய்மானம் என்றது தைவான் அரசு. இடைப்பட்ட காலத்தில் மைக்ரோவேவ் இணைப்பைப் பலப்படுத்தி வைத்திருந்ததால் விடுதிக்காரர்களின் புக்கிங் தடைபடவில்லை.