ஐந்து சதவீதம் யாருக்கு?

ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் வீரர்களை வாங்கவும் விற்கவும் கோடைக்காலக் கெடு நெருங்குகிறது. கூடவே நமக்கு வரும் கடிதங்களும் கூடுகின்றன. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளர் எழுதியிருக்கிறார். அவருடைய 14 வயது மகனை வெளிநாட்டுக் கிளப்பில் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறாராம். கெடு முடிவதற்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். கட்டலாமா என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள் ஐயா. அந்தக் கெடுவுக்கும் உங்கள் மகனுக்கும் சம்பந்தமே இல்லை. 18 வயது நிரம்பாதவரை நாடு விட்டு நாடு பதிவு செய்யக் கூடாது என்கிறது ஃபிஃபா விதிகளின் 19ஆம் பிரிவு. பெற்றோர் கால்பந்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறியிருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு.

அதிகம் பேர் கேட்டிருப்பது இன்னொரு கேள்வி. பையன் பெரியவனாகி வெளிநாட்டில் ஆடினால், ஊரில் அவனை வளர்த்த கிளப்புக்கு ஏதாவது கிடைக்குமா? கிடைக்கும். விளையாட்டு உலகில் நான் பார்த்த விதிகளிலேயே அழகானது இதுதான். அதிகம் ஏமாற்றப்பட்ட விதியும் இதுதான்.

ஒப்பந்தம் முடியும் முன் ஒரு வீரரை வேறு நாட்டுக் கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்த விலையில் 5 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு அது பிரிக்கப்படும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு மொத்த விலையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஒரு பையன் 12 வயதிலிருந்து 17 வயது வரை காஞ்சிபுரத்தில் ஒரு கிளப்பில் பதிவாகி ஆடினான் என்று வையுங்கள். பின்னாளில் அவன் 10 லட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டால் இந்தக் கிளப்பின் பங்கு 2 சதவீதம், அதாவது 20,000 யூரோ. இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 20 லட்சம் ரூபாய். அவன் மறுபடி விற்கப்பட்டால் மறுபடியும் பங்கு வரும். கோர்வை போட்டு நெய்த சேலை எத்தனை கடை மாறி எந்த விலைக்குப் போனாலும், நெய்தவருக்குக் கூலியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. கால்பந்தில் அப்படி முடிவதில்லை என்பதே இந்த விதியின் பெருமை.

காகிதத்தில், அவ்வளவுதான். பயிற்சிக்கான தொகையாக ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டாலர் சேர வேண்டிய இடத்தில் 7, 8 கோடி டாலர்தான் போய்ச் சேர்கிறது என்று ஃபிஃபாவே ஒப்புக்கொண்டது. அதைச் சரிசெய்ய, 2022 நவம்பரில் பாரிஸில், இந்தப் பணத்தைக் கணக்கிட்டுப் பிரித்துக் கொடுக்கும் ஒரு தீர்வகத்தைத் தொடங்கியது. இனி எல்லாம் தானாக நடக்கும், சிறு கிளப்புகள் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்றது. நான் அதை அப்படியே ஏற்க மாட்டேன். அந்த இயந்திரம் மின்னணுப் பதிவை மட்டுமே படிக்கும். விடியற்காலையில் மைதானத்துக்கு வந்து, கைக்காசு போட்டுப் பந்து வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் அந்தப் பதிவில் இல்லை. பதிவு செய்யாத கிளப்பும் இல்லை. பதிவு இருந்தாலும், உரிமையாளர் விவரம், வங்கி ஆவணம் என்று ஒரு சோதனையைக் கடந்தால்தான் பணம் வரும்.

இன்னொரு ஓட்டை பெரியது. ஒப்பந்தம் முடிந்த வீரரை வாங்க விலையே கிடையாது. விலை இல்லையென்றால் 5 சதவீதமும் இல்லை. அதை ஓரளவு ஈடுகட்டுவது பயிற்சி இழப்பீடு என்ற தனித் தொகை. 23 வயதுக்குள் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் வாங்கும் கிளப் அதைக் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவின் முதல் தரக் கிளப் என்றால் ஓர் ஆண்டுப் பயிற்சிக்கு 90,000 யூரோ என்பது அளவுகோல். 12 முதல் 15 வயது வரையிலான ஆண்டுகளுக்கு இது வெகுவாகக் குறையும்.

இந்த இழப்பீடு பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். பெண்கள் ஆட்டம் இன்னும் வளர வேண்டும், இழப்பீடு கேட்டால் கிளப்புகள் வீராங்கனைகளை எடுக்கத் தயங்கும் என்பது சொல்லப்படும் காரணம். பஞ்சாபின் மனிஷா கல்யாண் 2022இல் சைப்ரஸின் அப்போலோன் அணிக்குப் போய், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியரானார். தமிழ்நாடு 2018இலும் 2023இலும் தேசிய மகளிர் கோப்பையை வென்ற மாநிலம். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. நாளை இங்கிருந்து ஒரு பெண் ஐரோப்பாவில் ஒப்பந்தம் போட்டால், அவளை வளர்த்த கிளப்புக்கு இந்த வழியில் ஒரு காசும் வராது. வளர வேண்டிய ஆட்டத்தில், வளர்ப்பவரிடம்தான் சிக்கனமா? இது அநியாயம்.

மற்றக் கேள்விகள்.

இந்தியர்கள் இங்கிலாந்தில் ஆடுவது ஏன் அரிது? வேலை அனுமதிதான் காரணம். 2009இல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் சேரவிருந்த சுனில் சேத்ரிக்கு, உலகத் தரவரிசையில் இந்தியா முதல் 70க்குள் இல்லை என்று அனுமதி மறுக்கப்பட்டது.

பார்ன்ஸ்லி அணியின் விமல் யோகநாதன் தமிழரா? ஆம், இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. வேல்சில் வளர்ந்தவர் என்பதால் அவருக்கு அந்தத் தடை இல்லை.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்தியாவுக்கு ஆடலாமா? முடியாது, இந்தியாவுக்காக ஆட அராட்டா இசுமி ஜப்பான் குடியுரிமையையே விட வேண்டியிருந்தது.

சம்பளம் வராவிட்டால்? இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம்.

முகவர் உண்மையானவரா? ஃபிஃபா உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவரோடு பேசாதீர்கள்.

பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கும், கிளப் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, கிளப் பெயர் மூன்றும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று 12 வயதிலேயே பாருங்கள். ஒவ்வொரு பருவமும் அதைப் புதுப்பித்து, நகலை வீட்டில் வைத்திருங்கள்.