ஆசிரியர்க்குச் செய்யும் கைம்மாறு

கல்வி தந்த ஆசிரியருக்கு மாணாக்கன் செய்யத்தக்க கைம்மாறு யாது? தமிழுலகு நன்கறிந்த ஒரு மாணாக்கர் பரம்பரை இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை (1815–1876) பொருளை எதிர்பாராது பாடஞ் சொன்னவர். வறிய மாணாக்கரின் ஊணுக்கும் உறைவிடத்துக்கும் தாமே வழி தேடியவர். உ. வே. சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில் அவரை அடைந்து, அவர் மறையும்வரை உடனிருந்து கற்றார்.

ஆசிரியரின் மறைவோடு அவர் காட்டிய பரிவு மறைந்துவிடவில்லை. அவருடைய மூத்த மாணாக்கராகிய தியாகராசச் செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவியினின்றும் 1880இல் நீங்கியபோது, அப்பதவி சாமிநாதையருக்குக் கிடைக்குமாறு செய்தார். பிழைப்புக்கு வழி கண்ட ஐயர், அக்கல்லூரியிற் பணியாற்றிய காலத்திலேயே சீவகசிந்தாமணியையும் (1887), சிலப்பதிகாரத்தையும் (1892), புறநானூற்றையும் (1894) ஆராய்ந்து பதிப்பித்தார்.

ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் கழிந்தபின்னும் ஐயர் அவரை மறந்தாரல்லர். தம் முதுமையில், 1933இல், அவரது சரித்திரத்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். ஐயரிடம் பயின்ற கி. வா. ஜகந்நாதனோ, பின்னாளில் தம் ஆசிரியராகிய ஐயரைப் பற்றி நூல் எழுதினார்.

ஆசிரியரைப் புகழ்தல் நன்று. எனினும், செட்டியார் புகழுரையோடு அமைந்திருப்பின், அவ்வேடுகள் அச்சேறும் நாள் இன்னும் பிந்தியிருத்தல் கூடும். ஆசிரியர் தமக்குச் செய்ததை அடுத்து வருபவர்க்குச் செய்தலே அவருக்குரிய கைம்மாறாகும்.