"கலர் என்னக்கா?"

மாற்று ஆபரேஷன் என்றால் நம்மில் பல பேர் என்ன நினைக்கிறோம்? குழந்தையைத் தியேட்டருக்குள் கொண்டு போவார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நாம் வெளியே சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டாக்டர் வந்து "நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்பார். அத்தோடு கவலை விட்டது என்றுதானே? இல்லை சகோதரிகளே, பாதிக் கவலை அதற்கப்புறம்தான். என் தங்கை மகனுக்குக் கல்லீரல் மாற்றியபோது, மூன்று வாரம் சென்னை ஆஸ்பத்திரியிலேயே கூட இருந்தவள் நான். யாராவது ஒரு தாய்க்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

குட்டிக்கு அப்போது இரண்டு வயது. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகிற குழாய் கைக்குழந்தையிலேயே அடைபட்டிருந்தது. 'பிலியரி அட்ரீசியா' என்று பெயர். பித்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கல்லீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடும். ஜப்பானிய டாக்டர் கசாய் 1950-களில் கண்டுபிடித்த ஒரு ஆபரேஷனை, பிறந்த எண்பதாம் நாள் செய்தார்கள். குடலையே மேலே கொண்டு வந்து கல்லீரலோடு இணைப்பது அது. கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. பிறகு கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு பானை, கை கால் குச்சி. "இனிமே மாத்தறது ஒண்ணுதாம்மா வழி" என்றுவிட்டார்கள்.

தங்கை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "என்னோடதை எடுத்துக்குங்க" என்றாள். பெரியவர்கள் கல்லீரலின் இடது ஓரத்திலிருந்து சுமார் நாலில் ஒரு பங்கை எடுத்துக் குழந்தைக்கு வைக்கிறார்கள். வெட்டினாலும் வளருகிற உறுப்பு அது. கொடுத்தவருக்குச் சில மாதங்களில் பெரும்பாலும் வளர்ந்துவிடும். குழந்தைக்குள் வைத்த துண்டும் அவனோடு கூடவே வளரும்.

1963-ல் அமெரிக்காவில் டென்வர் நகரில் டாக்டர் ஸ்டார்ஸல் முதன்முதலாகக் கல்லீரல் மாற்றியது, இதே நோய் வந்த மூன்று வயதுக் குழந்தைக்குத்தான். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. 1998 நவம்பரில் டில்லியில், நம் காஞ்சிபுரம் பக்கத்துக் குழந்தை ஒன்றுக்கு அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அது. அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டரே ஆகிவிட்டார்! இதைக் கேட்ட பிறகுதான் எங்கள் அம்மாவுக்குச் சோறு இறங்கியது.

மூன்றாம் மாடியும் ஐந்தாம் மாடியும்

தங்கை மூன்றாம் மாடியில், குழந்தை ஐந்தாம் மாடி ஐ.சி.யு.வில். நடுவே நான் தூது. தினமும் ஸ்கேன் எடுத்து, புதுக் கல்லீரலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பார்கள். நூல் மாதிரி மெல்லிய ரத்தக் குழாயாம். அதில் ரத்தம் உறைந்துவிட்டால் வைத்த கல்லீரலே வீணாகிவிடலாம். முதல் வாரம் அந்த பயம்தான்.

தங்கைக்கு மட்டும் ஒரே கேள்வி. "கலர் என்னக்கா?"

கேட்டது குழந்தையின் மலத்தைப் பற்றி. அதுவரை அது மைதா மாவு பிசைந்த மாதிரி வெளுப்பாகத்தான் இருக்கும். பித்தம் குடலுக்கு வந்தால்தான் நிறம் வரும். ஆறாம் நாள் காலை நர்ஸ், "அம்மா, சீக்கிரம் இங்க வாங்க!" என்று கூப்பிட்டாள். பார்த்தேன். லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி ஓடினேன். "மஞ்சள்டி! நல்ல மஞ்சள்!" தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்கவும் முடியலை, அழவும் முடியலைக்கா, தையல் இழுக்குது" என்றாள்.

ஒன்பதாம் நாள்

அதற்குள் தங்கை டிஸ்சார்ஜ் ஆகி, மாஸ்க் போட்டுக்கொண்டு மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைய ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறியிருந்தன. ஊசி வழியாகத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். புதுக் கல்லீரலை உடம்பு எதிர்க்கிறது என்று தெரிந்தது.

"நான் கொடுத்ததை வேண்டாங்கறானா டாக்டர்?" என்று கேட்டுவிட்டாள் தங்கை.

டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார். "உங்களை வேண்டாங்கலைம்மா. உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான். புது ஆளைப் பார்த்ததும் கத்தறான். கொஞ்சம் அடக்கி வைப்போம். முதல் வாரங்கள்ல நிறையப் பேருக்கு வர்றதுதான்."

மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி. குழந்தைக்கு முகம் உப்பியது, அகோரப் பசி, எதற்கெடுத்தாலும் அழுகை. நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பதின்மூன்றாம் நாள் எண்கள் இறங்கின. அன்றைக்குத்தான் அவன் தன் கரடி பொம்மைக்கு ஊசி போட்டுவிட்டு, "வலிக்காது, வலிக்காது" என்றான்!

வீட்டில் நம் வேலை

இருபத்தோராம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ்கள் எங்களுக்குப் பாடமே நடத்தினார்கள்.

எதிர்ப்பை அடக்கும் மருந்தைப் பன்னிரண்டு மணிக்கொரு தரம், கடிகாரம் பார்த்துத் தர வேண்டும். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று நாமாக நிறுத்தக்கூடாது. வாந்தி எடுத்துவிட்டால், மறுபடி தரலாமா என்று ஆஸ்பத்திரியைக் கேட்டுத்தான் தர வேண்டும். பம்பளிமாஸ் பழம் கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும்.

தண்ணீர் காய்ச்சி ஆறியதுதான். கடைப் பலகாரம் கிடையாது. தூக்குவதற்கு முன் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பார்க்க வருகிற உறவுக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சளி இருமல் உள்ளவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்! காய்ச்சல் வந்தால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிதான். அம்மைத் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து எதுவானாலும், மாற்று செய்த டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

செலவு பெரிய செலவுதான். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கும் உதவி உண்டு. தேவைப்படுகிறவர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

குட்டி இப்போது எல்.கே.ஜி. போகிறான். மருந்து மட்டும் தொடர்கிறது.

இளம் தாய்மார்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. பிறந்து பதினான்கு நாளைக்கு மேலும் மஞ்சள் காமாலை தெரிந்தாலோ, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனாலோ, "வெயில்ல காட்டினா சரியாயிடும்" என்று காத்திருக்காமல் குழந்தை டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அந்த முதல் ஆபரேஷனை அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். பல குழந்தைகளுக்கு மாற்று ஆபரேஷனையே வெகுநாள் தள்ளிப் போடலாம். கல்யாண வீட்டில் புடவைக் கலரை அத்தனை உன்னிப்பாகப் பார்க்கிற நாம், இந்தக் கலரையும் கொஞ்சம் பார்க்கலாம், இல்லையா?