கை தூக்கினால் கணக்கில் வராது

தூத்துக்குடியின் தெரேஸ்புரம் கரையில் சங்கு குளிக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பார் எத்தனை பாகத்தில் கிடக்கிறது, எந்தக் காற்றுக்குத் தண்ணீர் தெளியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதே கடலில் ஒரு பெரிய திட்டம் வந்தால், வேண்டுமா வேண்டாமா என்று வாக்களிக்க அவருக்கு வழியில்லை. பொதுவாக்கெடுப்புக்கு நம் அரசியலமைப்பில் இடமில்லை. 1954-இல் புதுச்சேரி இணைப்புக்காகக் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில்கூட வாக்களிக்க இருந்தவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள்தான். ஒடிசாவின் நியமகிரியில் 2013-இல் 12 கிராம சபைகள் சுரங்கத்தை மறுத்தன என்றால், அதற்கு வன உரிமைச் சட்டம் துணை நின்றது.

கடற்கரைக்காரருக்கு இருப்பது கருத்துக்கேட்புக் கூட்டம். அதுவும் சும்மா கிடைப்பதில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு 13 உயிர்களைப் பறித்த அந்த நாட்களில், ஸ்டெர்லைட் தாமிர ஆலை விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்பு நடத்தியாக வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை ஏலக்கூடத்தில் உட்கார்ந்து யாராவது ஒருவர் சத்தமாக வாசியுங்கள். நம் பார், நம் பாடு, நம் படகுத்துறை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுதான் உங்கள் முதல் ஆட்சேபம்.

பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இந்தக் கூட்டத்துக்குக் கோரம் கிடையாது. ஊரே புறக்கணித்தாலும் கூட்டம் செல்லும். வாக்கெடுப்பும் இல்லை. ஆயிரம் பேர் கை தூக்கி "வேண்டாம்" என்பதைவிட, "இந்த இடத்தில் மண் தோண்டினால் இந்த மாதம் எங்கள் வலைக்கு வரும் மீன் போய்விடும்" என்று ஒருவர் சொல்வது கனமானது. எழுப்பிய முக்கியமான சுற்றுச்சூழல் கவலை ஒவ்வொன்றுக்கும் இறுதி அறிக்கையில் பதில் இருக்க வேண்டும் என்பது விதி. நாட்டுப்படகுகள் கடலில் இருக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால், வர முடியாதவர் எழுதிக் கொடுக்கலாம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். கடைசியில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிப்பார்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாகிறது. அதையும் குறிப்பின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

பதில் சொல்லாமலே திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். கெடு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். அதற்குமேல் ஒரு நாள் தாண்டினாலும் மனுவை எடுக்காது.