உனக்கென்னடி வலி? (உப்புக்கரை – பகுதி 9)

உப்பளத்துக்குப் போகிற வீட்டில் வலியைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் பலகை போட்டு உப்பை வாரி வரப்பில் ஏற்றி, அதைக் கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுகிற பெண்ணுக்கு இடுப்பும் கழுத்தும் முழங்காலும் வலிப்பது ஒரு சேதியே அல்ல. அந்த உடம்புகளைப் பற்றித்தான் சென்ற வாரம் பார்த்தோம். அப்படிப்பட்ட வீட்டில் பதின்மூன்று வயதுப் பெண் "கால் வலிக்குதும்மா" என்றால் என்ன பதில் வரும்? "நாள் பூரா உப்புத்தண்ணில நிக்கிற நானே சும்மா இருக்கேன், உனக்கென்னடி வலி?"

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் வலியை வைத்துத்தான் அவள் மகளின் வலியை அளக்கிறாள். வேறு அளவுகோல் அவளிடம் யாரும் கொடுக்கவில்லை.

மரக்காணம் பக்கம் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பெண் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது வரப்பில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிடுகிறது. சுளுக்கு எடுப்பவர் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார். பத்து நாளில் வீக்கம் வற்றிவிடுகிறது, வலி வற்றவில்லை. ஒரு மாதத்தில் அது பாதம் முழுக்கப் பரவுகிறது. மின்விசிறிக் காற்று பட்டாலே எரிகிறது. பாவாடை விளிம்பு உரசினால் அலறுகிறாள். அந்தப் பாதம் மட்டும் சில்லிட்டு, நிறம் மாறி, வியர்த்துக் கிடக்கிறது. செருப்புப் போடுவதில்லை, காலை ஊன்றுவதில்லை, பள்ளிக்கூடமும் நின்றுபோகிறது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நன்றாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. உடனே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்: "பாவ்லா காட்றா." ஆயா மட்டும் ஒப்புக்கொள்ளாமல், காத்து கருப்பு அண்டியிருக்கும் என்று கயிறு மந்திரித்துக் கட்டுவாள். ஒரு விதத்தில், அந்த வீட்டில் பிள்ளையை நம்பிய ஒரே ஆள் ஆயாதான்.

இது நடிப்பில்லை. 'காம்ப்ளெக்ஸ் ரீஜினல் பெயின் சின்ட்ரோம்' என்று மருத்துவத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. பிள்ளைகளில் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதையொட்டிய பெண்களுக்கு வருவது. கையைவிடக் காலில் அதிகம். சின்ன அடியில் ஆரம்பித்து, அடி ஆறிய பிறகும் வலி நரம்பு மண்டலத்திலேயே குடியேறிவிடுகிறது. வலிச் செய்தியை மூளைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று தண்டுவடத்திலேயே ஒரு கட்டுப்பாடு உண்டு. உப்பளக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நீர் வடிந்த பிறகும் மடைப்பலகை இறங்காமல் சிக்கிக்கொள்கிறது. தொடுதல், காற்று, துணி எல்லாமே வலியாக உள்ளே பாய்கிறது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், மடை தெரியாது.

பிள்ளையின் வலியை நம்பாதது உப்பள வீடு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1980-கள் வரை மேலை நாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலேயே, பச்சிளம் குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, அசையாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டு, வலி மருந்து மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ அறுவை சிகிச்சை செய்தார்கள். அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் நம் இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த். குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையின்போது ஃபென்டனில் என்ற வலி மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். கொடுக்கப்படாத குழந்தைகளின் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன்கள் எகிறின. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987-இல் 'லான்செட்' இதழில் அது வந்தது. படித்த மருத்துவர்களுக்கே 1987 வரை ஆயிற்று என்றால், பாத்தியில் நிற்கும் தாயை நோக்கி விரல் நீட்ட யாருக்கு யோக்கியதை?

வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அல்லது திரும்பத் திரும்ப வந்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து 2024-இல் வெளியான தொகுப்பு ஒன்று, ஐந்து பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. தலைவலி, வயிற்றுவலி, முதுகுவலி, கைகால் குடைச்சல் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. படுக்கையில் தள்ளி, பள்ளியை நிறுத்துகிற அளவுக்குப் போவது அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கில் இருக்கிற பிள்ளைக்கு அதுதான் முழு உலகமும்.

வலிக்குச் சாட்சி இருந்தால் நிலைமை மாறும். நம் மாநிலத்திலேயே அதற்கு உதாரணம் நீலகிரி. அரிவாள் செல் நோய் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடியினரிடம் கண்டார்கள். சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குக் கையும் காலும் வீங்கி வலிப்பதுதான் பல சமயம் முதல் அறிகுறி. அப்புறம் குளிர், காய்ச்சல், உடம்பில் நீர் வற்றுவது என்று எதுவும் போதும். எலும்புக்குள் வலி வெடிக்கும். கூடலூரில் 1990-இல் தொடங்கிய 'அஸ்வினி' அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை இந்தப் பிள்ளைகளை நெடுங்காலமாகப் பார்த்துவருகிறது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் வலித் தாக்குதல்கள் குறைகின்றன. 2023 ஜூலை 1-இல் ஒன்றிய அரசு, 2047-க்குள் இந்த நோயை ஒழிக்கும் இயக்கத்தையும் தொடங்கியது. அரிவாள் செல் நோயுள்ள பிள்ளையின் வேதனை, சாட்சி இருப்பதாலேயே குறைந்தது என்று சொல்லவில்லை. ஆனால் அவள் கையில் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு "பாவ்லா" என்று சொல்ல முடியாது. நம் வரப்புப் பெண்ணின் கையில் அந்த மாதிரி சீட்டு எதுவும் இல்லை.

அதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், வேறு நோயின் அறிகுறியாக இல்லாமல் தானே நோயாக நிற்கும் நாள்பட்ட வலிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தில் ஏறிவிட்டது; மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு வந்துசேரத்தான் நாளாகும்.

இப்போதைக்கு இங்கே வந்துசேர்ந்திருப்பது ஊசி. வலி என்றால் ஊசி, இல்லையென்றால் மருந்துக்கடையில் சொல்லி வாங்குகிற மாத்திரை. நிமெசுலைடு என்ற வலி மாத்திரையை 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2011-இலேயே தடை போட்டாயிற்று. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த பட்டையிலிருந்து பாதி உடைத்துக் கொடுக்கிற பழக்கத்துக்கு எந்தத் தடையும் எட்டாது. அதோடு, "காலை அசைக்காதே, ரெஸ்ட்ல இரு" என்ற அறிவுரையும் வரும். புதிதாகப் பட்ட அடிக்கு அது சரி. நான்கு மாத வலிக்கு அதுதான் கெடுதல். ஊன்றாத கால் சூம்பும், மூட்டு இறுகும், நரம்பு இன்னும் கூச்சமெடுக்கும்.

வலியேதான் நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் வேறு பெரிய நோய் இல்லை என்று ஒரு குழந்தை மருத்துவர் பார்த்துவிட வேண்டும். இரண்டு கால்களிலும் இராத்திரி மட்டும் வலித்து, காலையில் எழுந்து ஓடுகிற ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பயமில்லை. வளர்கிற வயது வலி என்று ஊரில் சொல்வதே அநேகமாகச் சரி. ஒரே இடத்தில் விடாமல் வலி, மூட்டு வீக்கம், காலையில் எழுந்ததும் விறைப்பு, நொண்டல், காய்ச்சல், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் எலும்பு வலி என்றால் தள்ளிப்போடக் கூடாது. பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவாதமாக இருக்கலாம். அதில் வலியில்லாமலே கண்ணும் கெடும் என்பதால் கண் பரிசோதனை கட்டாயம். ரத்தப் புற்றுநோய்கூட கால்வலியாகத்தான் தலைகாட்டும் சில சமயம். புதுச்சேரி ஜிப்மரோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியோ, எதுவானாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உப்பு விளையும் மாதங்களில் அந்த ஒரு நாள் லேசில் கிடைக்காது.

அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு சிகிச்சை வீட்டில்தான். 2020 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளின் நாள்பட்ட வலிக்கென்று வழிகாட்டி வெளியிட்டது. உடலியக்கப் பயிற்சியும் மனநல ஆலோசனையும் அதில் முன்னால் நிற்கின்றன. மார்பின் போன்ற மருந்துகளை உயிர்கொல்லி நோயில் இருக்கும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். நம் பெண்ணின் பாதத்துக்கு என்ன செய்வார்கள்? முதலில் பஞ்சால் தடவுவது. அப்புறம் பழைய வேட்டித் துணி, பிறகு டவல், பிறகு சொரசொரப்பான கோணி. நாளுக்குப் பல தடவை, சில நிமிடம். வாளித் தண்ணீரில் காலை விட்டு எடுப்பது. சுவரைப் பிடித்துக்கொண்டு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலில் ஏற்றுவது. முதல் வாரங்களில் வலி கூடும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே விட்டுவிடுவார்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதிலிருந்து நன்றாகத் தேறுகிறார்கள்.

இதற்கு இயந்திரம் வேண்டாம், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஆளும் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். அவர் வருகிறபோது பக்கவாதம் வந்த பெரியவரைத்தான் நினைக்கிறோம். படுத்துக்கிடக்கும் எட்டாம் வகுப்புப் பெண் யாருடைய பட்டியலிலும் இருக்க மாட்டாள். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டம் 2013-இலிருந்து நடக்கிறது. பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று ஏறத்தாழ 30 நிலைகளைத் தேடுகிறார்கள். அதில் நாள்பட்ட வலி இல்லை. "மூணு மாசமா எங்கயாவது வலிக்குதா, அதனால லீவு போட்டியா?" என்று ஒரு கேள்வியைச் சேர்க்க எவ்வளவு செலவாகும் என்று எனக்குப் புரியவில்லை.

மிச்சம் இருப்பது பள்ளிக்கூடம். வலி முழுக்கப் போன பிறகு அனுப்பலாம் என்று காத்திருந்தால் அந்த வருஷமே போய்விடும். முதல் வாரம் இரண்டு பீரியட் போதும். கீழ்த்தளத்தில் வகுப்பு, முன்வரிசையில் இடம், நடுவில் எழுந்து நிற்க அனுமதி. மருத்துவர் தலைமையாசிரியருக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தால் இதெல்லாம் நடக்கும். வீட்டில் அம்மாவுக்கும் ஒரு வேலை உண்டு, அதுதான் ரொம்பக் கஷ்டம்: மகள் சொல்வதை முதல் நாளே நம்பிவிட்டு, அப்புறம் "வலிக்குதா, வலிக்குதா" என்று மணிக்கொரு தரம் கேட்காமல் இருப்பது. சாயங்காலம் வந்ததும், இன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று கேட்டால் போதும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: மழை மாதங்களில் உப்பளம் மூடிக் கிடக்கும்போது வரும் 5,000 ரூபாய் நிவாரணம்.