சகோதரி சுப்புலட்சுமியின் இளமைப் பருவம்

மயிலாப்பூரில் 1886-ஆம் ஆண்டு பொறியாளர் சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சி அம்மாளுக்கும் முதல் மகளாய்ப் பிறந்தவர் சுப்புலட்சுமி. பதினோரு வயதில் மணம் முடிக்கப்பெற்ற இவர், சின்னாட்களிலேயே கைம்பெண்ணானார். தலையை மழித்து, வெறுஞ்சேலை உடுத்தி, வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கியிருத்தலே அன்றைய பிராமண குலத்தில் அத்தகைய சிறுமிக்கு விதிக்கப்பட்ட வாழ்வு. பெற்றோரோ மகளின் கூந்தலைக் களைய உடன்படவில்லை. உறவினரின் ஏச்சைப் பொருட்படுத்தாது தந்தை தாமே பாடஞ்சொல்லிக் கொடுத்தார். பின்னர்க் கத்தோலிக்கக் கன்னியரின் பிரசன்டேஷன் பள்ளிக்கும் அனுப்பினார். வைதிகக் குடும்பத்தினர் ஒருவர் அந்நாளில் இவ்வாறு செய்தது சிறு துணிவன்று.

அங்கே தம் வாழ்வு முழுவதையும் கல்விக்கென ஒப்படைத்த கன்னியரைச் சிறுமி கண்டாள். கணவனின்றியும் ஒரு பெண்ணின் வாழ்வு பயனுள்ளதாகலாம் என்பதற்கு அவர்களே கண்கண்ட சான்று. தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களுக்காகத் தாமும் அவ்வாறே வாழ வேண்டுமென்ற எண்ணம் அவருள் வேரூன்றியது. 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார்; அடுத்த ஆண்டே எழும்பூரில் சில இளங்கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு இல்லம் தொடங்கினார். தாமும் இளமையிலேயே கணவனை இழந்தவரான சிற்றன்னை வாலாம்பாள் அவ்வில்லத்தில் துணை நின்றார்.

சுப்புலட்சுமி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். 'சகோதரி' என்னும் பெயர் மட்டும் அவரோடு நிலைத்தது. ஞானஸ்நானக் கணக்கைக் கொண்டே மிஷன் பள்ளிகளின் பலனை அளந்து பழகிய நாம், இப்பலனை எந்த ஏட்டில் எழுதுவது?